பேரிக்காய்க்கு ஏழு அத்தியாயம்

வாசிப்புக் குழுவில் அந்த மாதம் அகுஸ்தீனின் 'கன்ஃபெஷன்ஸ்'. ஆறு பேர் வந்திருந்தோம். ஆறாம் புத்தகம் வரை படித்துவிட்டு வந்திருந்த தோழி ஒருத்தி, உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தாள். "பதினஞ்சு வருஷம் கூடவே வாழ்ந்தவ. புள்ள பெத்துக் குடுத்தவ. அவ பேரக்கூட இந்த ஆளு எழுதல. ஆனா சின்ன வயசுல திருடின பேரிக்காய்க்கு ஏழு அத்தியாயம்! இதத்தான் உலகத்தோட முதல் நேர்மையான சுயசரிதைன்னு சொல்றீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான், ஆகவே பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். 'அந்தக் காலத்து வழக்கம்' என்று ஏதோ முனகிவிட்டுத் தேநீர் போட எழுந்து போய்விட்டேன். சோம்பேறிப் பதில். அவள் கேட்டது சரியான கேள்வி. அதன்பின் சில மாதங்கள் அகுஸ்தீனின் மற்ற நூல்களையும் புரட்டிக்கொண்டிருந்தேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அகுஸ்தீன் பிறந்தது கி.பி. 354இல், வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற சிற்றூரில். இன்று அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ். அப்பா கொஞ்சம் நிலபுலன் உள்ளவர், அம்மா பக்தியான கிறிஸ்தவர். பையன் கார்த்தேஜுக்குப் படிக்கப் போனான், பேச்சுக்கலை வாத்தியாரானான், ஒன்பது வருடம் மானிக்கேய மதத்தில் இருந்தான். 383இல் ரோம், அடுத்த வருடம் மிலான் நகரத்தில் பெரிய பதவி. அங்கே ஆயர் அம்புரோஸின் பிரசங்கங்களைக் கேட்டார். 386இல் ஒரு தோட்டத்தில் மனம் மாறினார், 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றார். ஊர் திரும்பியவர் 391இல் ஹிப்போ என்ற துறைமுக நகரத்துக்கு ஒரு காரியமாகப் போனார். கோயிலில் இருந்த மக்கள் அவரைப் பிடித்து நிறுத்தி, கட்டாயப்படுத்திக் குருவாக்கிவிட்டார்கள். அவர் அழுதார். பக்கத்தில் நின்ற சிலர், ஆயர் பதவி தராமல் வெறும் குரு பதவி தந்ததற்காக அழுகிறார் என்று நினைத்து ஆறுதல் சொன்னதாக, அவருடைய வாழ்க்கையை எழுதிய சீடர் பொசிதியுஸ் குறித்து வைத்திருக்கிறார். நாலைந்து வருடத்தில் ஆயர் பதவியும் வந்தது. 430இல், வாண்டல் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது செத்துப்போகும்வரை அந்தப் பதவியில்தான் இருந்தார்.

'கன்ஃபெஷன்ஸ்' எழுதப்பட்டது ஏறத்தாழ 397க்கும் 401க்கும் இடையில். அதாவது பதவிக்கு வந்த புதிதில். இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு சாவகாசமாக உட்கார்ந்து எழுதிய நினைவுக் குறிப்பு இல்லை இது. ஒவ்வொரு ஞாயிறும் மக்கள் முகத்தில் விழிக்க வேண்டிய ஆள் எழுதியது. ஏற்கெனவே அவர்மேல் சந்தேகம் வேறு இருந்தது. பழைய மானிக்கேயர் இல்லையா? அவரை ஆயராக அபிஷேகம் செய்ய வேண்டிய மூத்த ஆயர் மெகாலியுஸே முதலில் அவர்மேல் ஒரு குற்றச்சாட்டை எழுதி, பிறகு அது தப்பென்று மன்னிப்புக் கேட்டுத்தான் அபிஷேகம் செய்து வைத்தார். எதிரணியினருக்கு அந்தப் பழைய கடிதம் பல வருடம் பயன்பட்டது.

இனி பேரிக்காய். அப்போது அவருக்கு வயது 16. அப்பாவிடம் மேல்படிப்புக்குக் காசு சேரும்வரை படிப்பு நின்றுபோய், ஊரில் சும்மா இருந்த வருடம். ஒரு ராத்திரி கூட்டாளிகளோடு சேர்ந்து பக்கத்து மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒன்றிரண்டைக் கடித்துவிட்டு மிச்சத்தைப் பன்றிகளுக்குப் போடுகிறார்கள். வீட்டில் இதைவிட நல்ல பழம் இருந்தது. பசி இல்லை. பிறகு ஏன் செய்தேன்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, இன்றைய பதிப்புகளின் பிரிப்புப்படி, ஏழு அத்தியாயம் போகிறார் மனிதர். கொலைகாரனுக்குக்கூட ஒரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுகூட இல்லையே என்று தோண்டுகிறார். தீமை என்பதற்காகவே தீமையை ருசித்தேனா? கடைசியில், தனியாக இருந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். கூட்டத்தில் 'வாடா போவோம்' என்று ஒருத்தன் சொன்னால், வெட்கங்கெட்டவனாக இல்லாததற்கு வெட்கம் வந்துவிடுகிறது. பள்ளி வாசலில் ஒரு பையனை ஏழெட்டுப் பேர் சேர்ந்து அடிக்கும் காணொளி கைப்பேசிக்கு வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பக்கங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

ஆக, பேரிக்காய் சில்லறை விஷயம் இல்லை. ஆனாலும் தோழியின் கேள்வி அப்படியே நிற்கிறது. ஏனென்றால் பேரிக்காய்த் திருட்டைச் சொல்வதில் ஆபத்தே கிடையாது. பாதிக்கப்பட்டவர் ஒரு மரக்காரர். நானும் சில வருடங்களுக்கு முன் ஒரு 'சொந்த அனுபவ'க் கதை எழுதினேன். அப்பாவின் சட்டைப்பையில் பத்து வெள்ளி திருடியதை விலாவாரியாகச் சொல்லியிருந்தேன். 'என்ன துணிச்சல்' என்று பாராட்டு வந்தது. துணிச்சலாவது ஒன்றாவது. அந்த வருடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சொல்ல வேண்டியது வேறொன்று, அதில் இன்னொரு ஆள் இருந்தார். திருட்டை முன்னால் நிறுத்தினால் அது மறையும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்தப் பெண் புத்தகத்தில் இரண்டே இடத்தில் வருகிறாள். நான்காம் புத்தகத்தில் முதலில். சட்டப்படியான மனைவி இல்லை, ஆனால் ஒருத்திதான், அவளுக்கு உண்மையாக இருந்தேன் என்கிறார். இப்படிப்பட்ட உறவில் குழந்தை வேண்டாமலேயே வந்துவிடுகிறது, ஆனால் வந்த பிறகு நேசிக்காமல் இருக்க முடிவதில்லை என்று ஒரு குறிப்பு. அந்தக் குழந்தைதான் அதெயோதாத்துஸ், 'கடவுள் தந்தவன்'. இரண்டாவது, ஆறாம் புத்தகத்தில். மிலானில் பதவி கிடைத்த பிறகு, வசதியான குடும்பத்தில் சம்பந்தம் பேசுகிறார்கள். அம்மா மோனிக்காதான் முன்னின்று ஏற்பாடு. பெண்ணுக்குக் கல்யாண வயது வர இன்னும் இரண்டு வருடம் பாக்கி. ரோமச் சட்டப்படி அந்த வயது 12. மாப்பிள்ளைக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணத்துக்குத் தடையாக இருக்கிறாள் என்று கூட வாழ்ந்தவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி விடுகிறார்கள். இனி வேறு ஆணை அறியமாட்டேன் என்று கடவுளிடம் நேர்ந்துகொண்டு அவள் போகிறாள். மகனை அவரிடமே விட்டுவிட்டுப் போகிறாள். சில வரிகள், முடிந்தது.

இந்தச் சில வரிகளின் இலக்கணத்தைப் பாருங்கள். அவளைப் பற்றிய வினை லத்தீனில் செயப்பாட்டு வினை. அவள் அவருடைய பக்கத்திலிருந்து 'பிடுங்கப்பட்டாள்'. பிடுங்கியது யார்? எழுவாய் இல்லை. சங்கக் கூட்டக் குறிப்பில் 'முடிவெடுக்கப்பட்டது' என்று நாம் எழுதுவோமே, அதேபோல. பேரிக்காய்ப் பக்கங்களில் வரிக்கு வரி 'நான்', 'நான்' என்று நெஞ்சில் அடித்துக்கொண்டவர் இங்கே எங்கே போனார்? சரி, உடனே ஆளைத் தூக்கில் போட்டுவிட வேண்டாம். அடுத்த வாக்கியத்தில் 'நான்' திரும்பி வருகிறது. இரண்டு வருடம் காத்திருக்கப் பொறுக்காமல் நானே இன்னொருத்தியைத் தேடிக்கொண்டேன் என்று செய்வினையில் எழுதுகிறார். அவளைப்போல் இருக்க எனக்கு வக்கில்லை என்கிறார். இதயம் கிழிந்து ரத்தம் ஒழுகியது என்கிறார். புதியவள் வந்த பிறகும் புண் ஆறவில்லை, சீழ் வைத்தது, வலி மரத்துப்போனது, ஆனால் நம்பிக்கையும் சேர்ந்து போனது என்கிறார்.

தன்னைவிட அவள் ஒழுக்கத்தில் உயர்ந்தவள் என்பது அந்தப் பத்தியிலேயே இருக்கிறது. அனுப்பியது தன் குற்றம் என்பது மட்டும்தான் இல்லை.

இந்த இடத்தை நிரப்ப நார்வே எழுத்தாளர் யொஸ்டைன் கார்டெர் 1996இல் ஒரு நாவலே எழுதினார், 'வீட்டா ப்ரெவிஸ்'. தமிழிலும் வந்திருக்கிற 'சோஃபியின் உலகம்' எழுதிய அதே ஆள். அவளுக்கு ஃப்ளோரியா எமிலியா என்று பெயர் வைத்து, ஆயருக்கு அவள் எழுதிய நீண்ட கடிதம் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததாகக் கதை கட்டுகிறார். என் தோழிக்கு அது பிடித்திருந்தது. எனக்கு அவ்வளவாக இல்லை. ஃப்ளோரியா படித்தவள், லத்தீன் இலக்கியம் கரைத்துக் குடித்தவள், அகுஸ்தீனை அவருடைய ஆயுதங்களாலேயே மடக்குகிறாள். படிக்க ஜோராக இருக்கிறது. ஆனால் நாலாம் நூற்றாண்டு ஆப்பிரிக்கப் பெண்ணின் குரல் அது இல்லை, இருபதாம் நூற்றாண்டுக் கல்லூரிப் பேராசிரியரின் குரல். பேசத் தெரிந்தவளாக மாற்றினால்தான் அவளுக்கு நியாயம் கிடைக்கும் என்பதுகூட ஒரு மேட்டிமைதானே? மூலத்தில் அவள் செய்த ஒரே காரியம் ஒரு நேர்ச்சை. அதைக் கார்டெர் நம்பவில்லை, அகுஸ்தீன் நம்பினார்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். பெயர் போடாததே அவமதிப்பு என்று சொல்லிவிட முடியாது. அவர் அதிகம் அழுத மனிதர்களில் ஒருவன் தகாஸ்தேயில் காய்ச்சலில் செத்துப்போன நண்பன். நான்காம் புத்தகத்தில் அத்தியாயம் அத்தியாயமாக அவனுக்காக அழுகிறார், அவனுக்கும் பெயர் இல்லை. சொந்த அம்மாவின் பெயர் முழுப் புத்தகத்திலும் ஒரே ஒருமுறைதான் வருகிறது, அதுவும் ஒன்பதாம் புத்தகத்தின் கடைசியில், அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று வாசகரிடம் கேட்கும்போது. புத்தகம் முழுக்கக் கடவுளைப் பார்த்துப் பேசுவது. கடவுளுக்குப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் முன்பு பாவசங்கீர்த்தனம் என்பார்கள், எங்கள் பக்கத்து வீட்டு ஆயா இன்னமும் அப்படித்தான் சொல்வார். சங்கீர்த்தனம் என்றால் போற்றிப் பாடுவது. பாவத்தைச் சொல்வதும் கடவுளைப் பாடுவதும் ஒரே சொல்லில். லத்தீன் 'கன்ஃபெசியோ'வுக்கும் இந்த இரண்டு அர்த்தமும் உண்டு. 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று மொழிபெயர்த்தால் போலீஸ் ஸ்டேஷன் வாடை அடிக்கிறது. இந்தப் பழைய சொல்தான் அகுஸ்தீனுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

மௌனத்தைப் பற்றி அவருக்குத் தெளிவான கொள்கையும் இருந்தது. பொய் விஷயத்தில் அவர் ஈவிரக்கம் இல்லாதவர். ஆயராவதற்குச் சற்று முன் 'பொய்யைப் பற்றி' என்று ஒரு நூல் எழுதி, பொய்களை எட்டு வகையாகப் பிரித்து, எட்டுமே பாவம் என்று முடித்தார். ஓர் உயிரைக் காப்பாற்றச் சொல்லும் பொய்யும்கூட. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, நல்ல மனசுள்ள யாருக்குமே இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அங்கே அவர் சொல்லும் உதாரணம் மறக்க முடியாதது. தகாஸ்தேயில் முன்பு ஃபிர்முஸ் என்று ஓர் ஆயர் இருந்தார். தேடப்பட்ட ஒருவனை அவர் ஒளித்து வைத்திருந்தார். பேரரசனின் ஆட்கள் வந்து கேட்டபோது, என்னால் பொய் சொல்லவும் முடியாது, ஆளைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது என்றார். சித்திரவதை செய்தார்கள், வாய் திறக்கவில்லை. பேரரசன் முன்னால் கொண்டுபோனார்கள். அவன் வியந்து, ஒளிந்திருந்தவனுக்கே மன்னிப்புக் கொடுத்துவிட்டான். பொய் சொல்வது வேறு, உண்மையை மறைத்து வைப்பது வேறு என்று அகுஸ்தீன் பிற்காலத்திலும் எழுதினார்.

இதை வைத்து, அவளைக் காப்பாற்றத்தான் பெயரை மறைத்தார் என்று வாதாடலாம். ஆப்பிரிக்கா சின்ன உலகம், ஆயரின் பழைய உறவு என்றால் ஊரே தேடிப் போகும். அவருடைய சாப்பாட்டு மேசையிலேயே, இங்கில்லாதவர்களைப் பற்றிப் புறம்பேசுபவனுக்கு இந்த மேசையில் இடமில்லை என்ற பொருளில் செய்யுள் எழுதி வைத்திருந்ததாகப் பொசிதியுஸ் சொல்கிறார். (நம் வாட்ஸ்அப் குழுக்களின் முகப்பில் மாட்டலாம்.) நானும் சில நாள் இந்த வாதத்தில் திருப்தியாக இருந்தேன். ஆனால் அது பெயருக்குத்தான் பதில். எழுவாய் இல்லாத அந்த வினைக்குப் பதில் இல்லை.

பதில் நான் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தது. 401 வாக்கில், 'கன்ஃபெஷன்ஸ்' முடிந்த கையோடு, 'திருமணத்தின் நன்மை' என்று ஒரு சிறு நூல் எழுதினார். வறண்ட நூல். கன்னிமையை உயர்த்துகிறேன் பேர்வழி என்று திருமணத்தை மட்டம் தட்டியவர்களுக்கும், இரண்டும் சமம் என்ற ஜொவினியனுக்கும் நடுவில் ஒரு பாதை போடும் முயற்சி. பிள்ளைகள், பரஸ்பர விசுவாசம், பிரிக்க முடியாத பந்தம் என்று திருமணத்தின் மூன்று நன்மைகளைச் சொல்வார். பிற்காலக் கத்தோலிக்க ஒழுக்கவியல் பெரிதும் இதன்மேல் எழுந்தது. பாலுறவு இன்பத்தை எப்போதும் ஓரக்கண்ணால் பார்க்கும் அவருடைய சுபாவமும் அதோடு சேர்ந்தே வந்தது. அந்தச் சுபாவத்துக்கு நாம் கொடுத்த விலை அதிகம். அதைப் பிறகொரு சமயம் பேசலாம்.

நூலின் ஆரம்பத்திலேயே, ஐந்தாம் பகுதியில், ஒரு வழக்கை எடுக்கிறார். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் உண்மையாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். இது திருமணமா? சாகும்வரை என்ற எண்ணம் இருந்து, குழந்தை வேண்டாமென்று தடுக்காமலும் இருந்தால், அப்படிச் சொல்லலாம் போலிருக்கிறது என்கிறார். பிறகு இன்னொரு வழக்கு. ஓர் ஆண், தன் பதவிக்கோ சொத்துக்கோ ஏற்ற சம்பந்தம் கிடைக்கும்வரை, தற்காலிகமாக ஒரு பெண்ணோடு வாழ்கிறான். அவன் மனதளவில் விபசாரன் என்று தீர்ப்புச் சொல்கிறார். யாருக்கு எதிராக? வரப்போகும் மனைவிக்கு எதிராக இல்லை. இப்போது கூட வாழ்கிறாளே, அவளுக்கு எதிராக.

இது எவ்வளவு பெரிய வாக்கியம் என்று புரிய வேண்டுமானால் ரோமச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே விபசாரம் என்ற குற்றம் இன்னொருவன் மனைவியோடு சம்பந்தப்பட்டது. மணமாகாத, அந்தஸ்தில் தாழ்ந்த ஒருத்தியோடு வாழ்வதும் வேளை வந்ததும் அனுப்பிவிடுவதும் யார் கண்ணிலும் குற்றம் இல்லை. திருச்சபையே இதில் கெடுபிடியாக இல்லை. மனைவி இல்லாமல் ஒரே ஒரு துணைவியோடு வாழ்பவனுக்கு நற்கருணையை மறுக்க வேண்டாம் என்று கி.பி. 400இல் தொலேதோ சங்கம் விதித்திருந்தது. அப்படிப்பட்ட காலத்தில், அனுப்பப்பட்டவளுக்கு எதிராக அனுப்பியவன் செய்தது துரோகம் என்று ஓர் ஆயர் எழுதுகிறார். பதவி, சொத்து, சம்பந்தம், காத்திருப்பு. எந்த மிலான் மாப்பிள்ளையின் கதை இது?

அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் அவனுக்கு உண்மையாக இருந்து, அவன் வேறு கல்யாணம் செய்த பிறகும் தான் மணம் செய்யாமல் ஒதுங்கி வாழத் தீர்மானித்தால், அவளை விபசாரி என்று சொல்ல எனக்குத் துணிவு வராது என்கிறார். பாவமே இல்லை என்று விட்டுவிடவில்லை, ஆயராயிற்றே. ஆனால் அவள் அந்த உறவில் நாடியது குழந்தையை மட்டும்தான் என்றால், தாலி கட்டிய பல குடும்பத் தலைவிகளுக்கு மேலே அவளை வைக்க வேண்டும் என்று போகிறார். ஒழுக்கவியல் நூலுக்கு இவ்வளவு நுணுக்கமான உதாரணம் தேவையே இல்லை. வாதம் அது இல்லாமலே நடந்திருக்கும். அந்த நேர்ச்சை உள்ளே நுழைந்துவிட்டது.

இங்கே 'நான்' இல்லை. 'ஓர் ஆண்', 'ஒரு பெண்', 'இருந்தால்', 'செய்தால்'. அகுஸ்தீன் ஆய்வாளர்கள் பலர் இந்தப் பத்தியில் அவருடைய சொந்தக் கதையைக் கண்டிருக்கிறார்கள், நான் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. என்னை உறுத்துவது எழுத்து சம்பந்தமான விஷயம். உலகப் புகழ்பெற்ற தன்வரலாற்றில், தன்மையில், கடவுள் முன்னால் மண்டியிட்டு, கண்ணீரோடு சொல்ல முடியாத ஒன்றை இந்த ஆள் படர்க்கையில், யாரும் அழாத ஒரு சட்டப் பிரிவுபோல எழுதித் தீர்ப்பும் சொல்லிவிட்டார். 'கன்ஃபெஷன்ஸில்' பிடுங்கியது யார் என்று தெரியவில்லை. இங்கே தெரிகிறது. நம் பட்டறைகளில், 'தன்மையில் எழுது, அதுதான் உண்மை' என்று இளம் எழுத்தாளர்களுக்கு உபதேசம் செய்கிறோம். எனக்கு இப்போது அதில் பழைய நிச்சயம் இல்லை.

சாவதற்கு மூன்று வருடம் முன்பு, எழுபது தாண்டிய வயதில், தன் நூலகத்தில் உட்கார்ந்து தான் எழுதிய எல்லாவற்றையும் வரிசையாகத் திரும்பப் படித்துத் திருத்தக் குறிப்புகள் எழுதினார். 93 படைப்புகள். 'மறுபரிசீலனைகள்' என்று சொல்லலாம் அந்த நூலை. 'கன்ஃபெஷன்ஸ்' இப்போதும் தன்னை அசைக்கிறது என்கிறார். ஆனால் ஓர் இடத்தில் கோடு போடுகிறார். செத்துப்போன நண்பனைப் பற்றிய பகுதி. எங்கள் இருவருக்கும் ஒரே உயிர், நானும் செத்தால் அவன் முழுசாகச் செத்துவிடுவானே என்றுதான் சாகப் பயந்தேனோ என்று எழுதியிருந்தார். படித்தவர்கள் உருகிய இடம். கிழவர் அதைப் படித்துவிட்டு, இது கனமான ஒப்புதல் இல்லை, லேசான மேடைப்பேச்சு என்று குறித்து வைத்தார். பேச்சுக்கலை வாத்தியாரை ஆயர் பிடித்துவிட்டார். அந்தப் பெண்ணைப் பற்றிய வரிகளில் அவர் கை வைக்கவில்லை. 'திருமணத்தின் நன்மை'யில் வேறு சிலவற்றைத் திருத்தினார், ஐந்தாம் பகுதியைத் தொடவில்லை.

அடுத்த சந்திப்பில் அந்தப் பகுதியை அச்செடுத்துத் தோழியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். எந்த வருஷம் எழுதினது என்று கேட்டாள். 401 வாக்கில் என்றேன். அவளை அனுப்பினது? 385, 386 இருக்கும். விரல்விட்டு எண்ணினாள்.

"கூட இருந்ததும் பதினஞ்சு வருஷம். இத எழுதறதுக்கும் பதினஞ்சு வருஷம்" என்றாள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இருந்தாலும் பேரப் போட்டிருக்கலாம்."